குதிரைக்கு ஐசியா என்று சிரித்தவர்களுக்கு

போன ஆண்டு மலாக்காவின் புக்கிட் ரம்பாயில் எங்கள் உறவுக்காரப் பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றிக் கோயில்வரை கொண்டுபோக வேண்டும் என்று இளவட்டங்கள் ஒரே பிடிவாதம். வெள்ளைக் குதிரை ஒன்று சின்ன லாரியில் வந்து இறங்கியது. நெற்றியில் ஜிகினாத் துணி, கழுத்தில் பிளாஸ்டிக் மாலை. வலது முன்னங்கால் முட்டியில் பழைய காயம் ஆறி, முடி முளைக்காத வட்டம் ஒன்று. உறுமி மேளக்காரர்கள் வாசலில் வந்து நின்றதுமே அதன் காதுகள் இரண்டும் பின்னால் மடங்கிவிட்டன. அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. உறுமியை ஒரு இழுப்பு இழுத்தார்கள். குதிரை பின்வாங்கியது. பின்னால் நின்ற என் சின்ன மாமாவின் பாதத்தில் குளம்பு ஏறியது. விரல் எலும்பு இரண்டு முறிந்தன.

மாப்பிள்ளை ஏறுவதற்கு முன்பே நடந்தது என்பதில் எல்லாருக்கும் ஓர் ஆறுதல். மாமாவை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, குதிரை யாருடையது என்று கேட்டேன். லாரிக்காரர், “நான் ஏற்றிவந்தவன்தான்” என்றார். முன்பணம் வாங்கியவரைப் போனில் பிடித்தால், “நான் வேறொருத்தரிடம் எடுத்துக் கொடுத்தேன், அண்ணே” என்றார். அந்த வேறொருத்தர், “வாங்கினது உண்மை, போன மாசமே வித்துட்டேனே” என்றார். வாங்கியவர் பெயர்? “முழுப் பேர் தெரியாது.” குதிரைக்கு அடையாள அட்டை மாதிரி ஏதாவது தாள், பதிவு, எண் இருக்கிறதா என்று கேட்டதுதான் தாமதம், கூடாரத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: “குதிரைக்கு ஐசியா மாமா? நம்ம பிள்ளைங்களுக்கே ஐசி இல்ல!” கூடாரமே சிரித்தது. இரண்டு பேர் கை தட்டினார்கள்.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் ஊரில் பெரும்பாலோர் கருத்து அதுதான். பத்திரம், பதிவு எல்லாம் பந்தயக் குதிரைக்கு, பணக்காரன் விளையாட்டுக்கு, மற்ற பிராணிக்கு அனுபவசாலியின் கண் போதும், அதற்கு மேல் கேட்பவன் அதிகாரிக்கு வாய்க்கரிசி சேர்ப்பவன். இந்தக் கருத்து அடி முதல் நுனி வரை தவறு என்பது என் கட்சி.

கண் போதும் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. என் தாத்தா தோட்டத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர். இருட்டில் மாட்டின் முதுகில் கை வைத்தே எது வலத்து மாடு, எது இடத்து மாடு என்று சொல்லிவிடுவார். மாடு வாங்கப் போனால் முதலில் சுழி பார்ப்பார். ராஜ சுழி என்றால் முகம் மலரும். பாடைச் சுழி என்றால் விலை பாதியானாலும் கயிற்றைத் தொடமாட்டார். பல்லைப் பிடித்து வயது சொல்வார். அந்தத் தலைமுறைக்கு இருந்த கண் நமக்கு இல்லை.

ஆனால் அதே சுழியை வெள்ளைக்காரனும் பார்க்கிறான். ஐரோப்பாவில் குதிரைக்குக் கொடுக்கும் கடப்பிதழில் குதிரையின் கோட்டுருவம் அச்சிட்டிருப்பார்கள்: இடப்பக்கம், வலப்பக்கம், முகம், கால்கள். மருத்துவர் நேரில் பார்த்து, நெற்றி வெள்ளை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்தக் காலில் எந்த உயரம்வரை வெள்ளை என்று வரைவார். சுழி இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பெருக்கல் குறி போடுவார். இரண்டு குதிரைக்கு எல்லாச் சுழியும் ஒரே இடத்தில் அமைவது அரிது என்பதுதான் காரணம். ஒரே நிறத்தில் வெள்ளையே இல்லாத குதிரைக்கு, சுழிகளை விட்டால் வெளியில் சொல்ல வேறு அடையாளம் அதிகமில்லை. தாத்தா அதிர்ஷ்டத்துக்குப் பார்த்ததை அவர்கள் ஆளறியப் பார்க்கிறார்கள். தாத்தா பார்த்தது தாத்தாவோடு போய்விட்டது. அவர்கள் பார்த்தது தாளில் இருக்கிறது. குதிரை ஐந்து கைகள் மாறினாலும் ஆறாவது ஆள் அந்தத் தாளை எடுத்துவைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கண்ணை நம்பி ஏமாந்த கதைக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதே இல்லை. திருவிளையாடற் புராணம் தெரிந்தவர்களுக்கு நரி பரியான கதை தெரியும். குதிரை வாங்க மாணிக்கவாசகரிடம் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குப் போய்விட்டது. பிறகு சிவபெருமானே குதிரை வணிகனாக வந்து, நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். அரசனும் குதிரை இலக்கணம் அறிந்தவர்களும் பார்க்கிறார்கள், மெச்சுகிறார்கள். கயிறு கைமாறுகிறது. நள்ளிரவில் எல்லாம் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. பக்தர்களுக்கு அது இறைவனின் லீலை, எனக்கும் அப்படித்தான். இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: கயிறு மாறிய பின் விற்றவனைத் தேடினால் அவன் இல்லை. அகப்பட்டவர் மாணிக்கவாசகர். சுடுமணலில் நிறுத்தப்பட்டவர் அவர்தான். கயிறு மட்டுமே பத்திரமாக இருக்கும் வியாபாரத்தில் எப்போதும் நடுவில் நின்றவனுக்குத்தான் அடி. என் சின்ன மாமாவைக் கேட்டுப் பாருங்கள்.

புராணம் வேண்டாம், சரித்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒன்று. பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரத்தில் இருந்த போர்ச்சுகீசியக் குதிரை வியாபாரி நூனிஸ், சாளுவ நரசிம்ம ராயர் குதிரை வாங்கிய விதத்தை எழுதிவைத்திருக்கிறார். கடல் வழியில் குதிரை செத்துப்போனால் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினால் போதுமாம். உயிருள்ள குதிரைக்கு உண்டான அதே பணம் கொடுப்பாராம். வால்தான் அன்றைய பத்திரம்! ஒரு வாலை இரண்டாகப் பிரித்தால் இரண்டு குதிரை ஆகிவிடாதா என்று எந்தக் கணக்கப்பிள்ளையாவது முணுமுணுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

பந்தய உலகம் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றது. 1844ல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓட வேண்டும். முதலில் வந்தது ரன்னிங் ரெயின் என்ற குதிரை. அது உண்மையில் மக்காபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை என்று வழக்கு வந்தது. நீதிபதி ஆல்டர்சன், வாதம் எல்லாம் இருக்கட்டும், குதிரையைக் கொண்டுவாருங்கள், பல்லைப் பார்த்துவிடலாம் என்றார். குதிரையைக் காணவில்லை! இரண்டாவதாக வந்த ஆர்லாண்டோவுக்குப் பரிசு போனது. 140 ஆண்டு கழித்து, 1984 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஃபைன் காட்டன் என்ற சுமாரான குதிரையின் பெயரில் வேறொரு நல்ல குதிரையை ஓடவிட்டார்கள். நிறம் ஒத்துவரவில்லை என்று தலைமுடிச் சாயம் பூசினார்கள். காலில் வெள்ளை வேண்டும் என்று வெள்ளைப் பெயிண்ட் அடித்தார்கள். குதிரை ஜெயித்தது. வேர்வையில் பெயிண்ட் வழிந்ததைப் பார்த்துக் கூட்டம் கத்தத் தொடங்கிவிட்டது. அத்தனை பெரிய திடலில், அத்தனை அதிகாரிகள் பார்த்திருக்க நடந்தது இது. இன்று பந்தயக் குதிரையின் கழுத்தில், பிடரி மயிருக்குக் கீழே இடப்பக்கத்தில், அரிசி மணி அளவில் ஒரு சில்லு இருக்கிறது. கருவியைக் கழுத்தருகே கொண்டுபோனால் 15 இலக்க எண் வரும். அதற்குச் சாயம் அடிக்க முடியாது.

“அதைத்தான் நாங்களும் சொல்கிறோம், பத்திரம் பந்தயக் குதிரைக்குத்தான்” என்பீர்கள். இங்கேதான் கருத்து தலைகீழாக நிற்கிறது. பந்தயக் குதிரைக்குத் தாய் யார், தகப்பன் யார், எந்த நாட்டில் எந்த நாளில் பிறந்தது என்பதெல்லாம் வம்சப் பதிவேட்டில் இருக்கிறது. சுங்கை பெசியிலோ ஈப்போவிலோ அது ஓடும்வரை குதிரையைப் பராமரிக்கும் சைஸ் ஒருவர் கூடவே இருக்கிறார்; அந்த வேலையில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். ஓடி முடிந்த பிறகு என்ன? சிங்கப்பூரின் கிராஞ்சி திடலில் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடி முடிந்து, 180 ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு மூடப்பட்டது. குதிரைகள் பல நாடுகளுக்குப் போயின. பந்தயத்தை விட்ட குதிரை ஒன்று சவாரிப் பள்ளிக்குப் போகலாம், கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நடக்கலாம், கல்யாணத்தில் ஜிகினா கட்டிக்கொண்டு நிற்கலாம். கை மாற மாறத் தாள் எங்கோ தங்கிவிடுகிறது. பணக்காரன் குதிரைக்குப் பாதுகாப்பு உண்டு. தாளில்லாமல் திரிவது ஏழைக் குதிரையும், கிழட்டுக் குதிரையும்தான். பதிவு வேண்டும் என்று நான் கேட்பது அவற்றுக்காக. இதைப் பணக்கார விஷயம் என்று ஒதுக்கினால் பணக்காரனுக்கு எந்த நட்டமும் இல்லை.

நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. பிராணிகளைக் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இருக்கிறது. 20,000 முதல் 100,000 ரிங்கிட்வரை அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். 2017 ஜூலையிலிருந்து அமலில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் அந்தச் சட்டம் கை நீட்டும்போது முதலில் தேடுவது உரிமையாளரை. எங்கள் கல்யாணக் குதிரைக்கு அன்று மூன்று பேர் “நான் இல்லை” என்றார்கள். மூவரில் யாரைப் பிடித்துச் சட்டம் கேள்வி கேட்கும்?

மோட்டார் சைக்கிள் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? உரிமைப் பத்திரமான கிராண்டில் பெயர் மாற்றாமல் யாராவது விடுகிறோமா? மாற்றாவிட்டால் சம்மன் பழைய ஆள் வீட்டுக்குப் போகும், அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போடுவார். மலாக்கா பட்டணத்தில் பொம்மை கட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓடும் பெச்சா என்ற மூன்று சக்கர ரிக்‌ஷாவுக்குக்கூட லைசென்ஸ் வேண்டும். முன்னூறு, நானூறு கிலோ எடையுள்ள, பயந்தால் கண்மண் தெரியாமல் ஓடக்கூடிய ஓர் உயிர் கூட்டத்துக்குள் வரும்போது மட்டும் கயிறு போதும் என்கிறோம்.

மாட்டுக்கும் இதே கதைதான், இதை நம்மவர்களுக்குக் கசந்தாலும் சொல்லியாக வேண்டும். செம்பனைத் தோட்டத்து ஓரச் சாலைகளில் இரவில் மாடு படுத்துக் கிடக்கும். வேலை முடிந்து வரும் பையன் மோட்டாரில் வந்து மோதுவான். மாடு செத்தால் மறுநாள் காலையில் உரிமையாளர் வந்துவிடுகிறார், நட்டஈடு கேட்டு. பையன் செத்தால் அந்த மாட்டுக்கு உரிமையாளரே கிடையாது. காதில் வில்லையும், வில்லையில் எண்ணும், எண்ணுக்கு நேரே ஒரு பெயரும் இருந்தால் இந்த நாடகம் நடக்காது. தமிழ்நாட்டில் பசுக்களின் காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை தொங்குகிறது. கிராமத்துப் பாட்டிகூட அதைப் பசுவின் ஆதார் என்கிறாள். அங்கே அதைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

நோய் வரும்போது இந்தச் சிரிப்பு இன்னும் செலவாகும். நமக்குப் பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில், புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தில் 1998, 1999 ஆண்டுகளில் நடந்ததை மறந்திருக்க முடியாது. பெராக்கில் தொடங்கிய நோய், விற்ற பன்றிகளோடு லாரியில் தெற்கே வந்தது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவை விரட்டினார்கள். நிப்பா என்று தெரிவதற்குள் காலம் கடந்துவிட்டது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பண்ணைகளில் வேலை செய்த நம்மவர்களும் அதில் இருந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். எந்தப் பிராணி எங்கிருந்து எங்கே போனது என்பது அன்றன்றே பதிவாகியிருந்தால் நோயின் பின்னால் ஓடாமல் முன்னால் போய் நின்றிருக்கலாம்.

குதிரைக்கு வந்தது 2020ல். ஆப்பிரிக்கக் குதிரை நோய் என்பது கொசுவைவிடச் சிறிய ஒரு கடிபூச்சியால் பரவுவது. எதிர்ப்பு சக்தி இல்லாத குதிரைகளில் பத்துக்கு ஒன்பதைக் கொண்டுபோய்விடும். தாய்லாந்தில் 500க்கு மேற்பட்ட குதிரைகள் செத்தன. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான வரிக்குதிரைகள் மேல் சந்தேகம் விழுந்தது. அதே ஆண்டு நம் நாட்டின் திரங்கானுவிலும் அது கண்டறியப்பட்டது. அப்படி ஒரு நாளில் கால்நடை இலாகா அதிகாரி முதலில் கேட்கும் கேள்வி, “இந்த வட்டாரத்தில் மொத்தம் எத்தனை குதிரை, எங்கெங்கே?” என்பதுதான். பதில் பதிவேட்டில் இல்லையென்றால் அவர் கடை கடையாகப் போய் விசாரிக்க வேண்டும். பூச்சி விசாரித்துக்கொண்டு நிற்காது.

இத்தனை சொல்லிவிட்டு ஐரோப்பாவில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சத்தியம் செய்யப் போவதில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் கையில் நானே ஓர் ஆயுதம் தருகிறேன். இங்கிலாந்தில் 2004 முதல் எல்லாக் குதிரைக்கும் கடப்பிதழ் கட்டாயம். 2009 ஜூலைக்குப் பிறகு கடப்பிதழ் பெற்ற குதிரைகளுக்குச் சில்லும் கட்டாயமானது. ஆனால் அப்போது கடப்பிதழ் கொடுத்த அமைப்புகள் எழுபதுக்கு மேல். எல்லாத் தகவலையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்திருந்த தேசியத் தரவுத்தளத்துக்குக் கொடுத்த பணத்தை அரசாங்கம் நிறுத்தியது. 2012 செப்டம்பர் இறுதியோடு அது மூடப்பட்டது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2013 ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி என்று விற்ற பர்கரில் குதிரை இறைச்சி இருக்கிறது என்று அறிவித்தது. ஒரு பர்கரில் 29 விழுக்காடு! குதிரைக்கு வலிக்குக் கொடுக்கும் ஃபினைல்பியூட்டசோன் என்ற மருந்து மனிதர் உடம்புக்கு ஆகாது. அது கொடுத்த குதிரையின் கடப்பிதழில் “உணவுக்கு ஆகாது” என்று எழுதியாக வேண்டும். போலிக் கடப்பிதழ் வைத்திருந்தவர்கள் அந்த வரியை எளிதாகத் தாண்டினார்கள்.

ஆகவே தாள் மட்டும் இருந்தால் தாள் பொய் சொல்லும். தாளும் சில்லும் பொருந்த வேண்டும், இரண்டையும் ஒப்பிட ஓரிடத்தில் பதிவேடு இருக்க வேண்டும், விற்றால் முப்பது நாளுக்குள் பெயர் மாற வேண்டும், செத்தால் கடப்பிதழைத் திருப்பிக் கொடுத்து ரத்துச் செய்ய வேண்டும். அங்கே தவறு நடந்தது பதிவு இருந்ததால் இல்லை, அதை ஒழுங்காகக் காக்காததால். இதையே சாட்சியாகக் காட்டி நமக்குப் பதிவே வேண்டாம் என்பது, பூட்டை உடைத்துத் திருடிவிட்டான் என்பதற்காகக் கதவையே கழற்றிவைப்பது போலத்தான்.

கட்டணம், அலைச்சல், அதிகாரியின் முகச்சுளிப்பு பற்றிய புலம்பல் நியாயமானது. ஒரு குதிரை வைத்துப் பிழைப்பவன் வேலையை விட்டுவிட்டுப் பட்டணத்தில் வரிசையில் நிற்க முடியாது. மாதத்துக்கு ஒரு நாள் மருத்துவர் வட்டாரத்துக்கு வந்து, அங்கேயே வரைந்து, அங்கேயே சில்லு வைத்து, தாளையும் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். இதைக் கேட்டு மனுப் போடுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

கடைசியாக அந்தக் கைதட்டலுக்கு வருகிறேன். “நம்ம பிள்ளைங்களுக்கே ஐசி இல்ல.” இந்த வாக்கியத்தில் உள்ள வேதனை எனக்குத் தெரியும். தோட்டத்து லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட தலைமுறை நம்முடையது. ஐம்பது ஆண்டு இந்த மண்ணில் பால்மரம் சீவிவிட்டு, நிரந்தரவாசிக்கான சிவப்பு அட்டையோடு செத்துப்போனவர்களை நானே தூக்கியிருக்கிறேன். கோயிலில் தாலி கட்டிவிட்டுக் கல்யாணத்தைப் பதியாமல் விட்டதால், பிள்ளையின் குடியுரிமை தாயின் அட்டையை மட்டுமே நம்பி நிற்கிறது. தாய்க்கும் அட்டை இல்லையென்றால் பிள்ளை நடுத்தெருவில். இது சிரிப்பதற்கான விஷயமே இல்லை. அதைத்தான் அன்று குதிரையைக் காட்டிச் சிரித்தார்கள்.

குதிரைக்குத் தாள் கொடுத்தால் பிள்ளையின் தாள் தாமதமாகுமா? பிள்ளைக்குக் கொடுப்பது தேசியப் பதிவிலாகா. குதிரையைப் பார்ப்பது கால்நடை மருத்துவர். ஒரே மேசை இல்லை, ஒரே வரிசையும் இல்லை. பிள்ளையின் அட்டை அந்தப் பிள்ளைக்கு உரிமை கேட்க உதவுகிறது: பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஓட்டு. குதிரையின் தாள் குதிரைக்காக எதையும் கேட்பதில்லை. அதை வைத்திருப்பவனிடம் கணக்குக் கேட்க நமக்கு உதவுகிறது. இரண்டையும் தராசில் எதிரெதிரே வைப்பவர்கள் பிள்ளைக்காகப் பேசுவதுபோல் குதிரைக்காரனைக் காப்பாற்றுகிறார்கள். கூடாரத்தில் அந்த வாக்கியத்தைச் சொன்ன தம்பியிடம் பிறகு தனியாகக் கேட்டேன்: “பத்திரம் இல்லாத எந்தப் பிள்ளையையாவது கூட்டிக்கொண்டு பதிவிலாகா வாசல்வரை போயிருக்கிறாயா?” போனதில்லை என்றான். பேச்சு அதோடு நின்றது.

மாமாவுக்குக் கட்டு அவிழ்த்தாயிற்று. இடது காலில் செருப்பு இன்னும் சரியாக ஏறவில்லை. அந்தக் குதிரை யாருடையது என்பது இன்றுவரை தெரியவில்லை. முட்டியில் முடியில்லாத வட்டத்தோடு அது வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ வாசலில் நின்றுகொண்டிருக்கும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் குதிரை பேசுவீர்களானால், முன்பணம் கொடுக்குமுன் கழுத்துச் சில்லின் எண்ணையும் உரிமையாளர் பெயர் எழுதிய தாளையும் கேளுங்கள். இல்லை என்று சிரித்தால் மாப்பிள்ளை காரிலேயே வரட்டும்.